வேதக்காரரும் வேதத் தமிழும்

திருகோணமலைத் துறைமுகத்தின் தென்பால் விரிந்து கிடப்பது கொட்டியாரக் குடா. 1660ஆம் ஆண்டிலே, புயலிற் பாய்மரம் இழந்த ஆங்கிலக் கப்பலொன்று பழுது தீர்க்கும்பொருட்டு இக்குடாவை அடைந்தது. கரையிறங்கிய மாலுமிகள் சிலரைக் கண்டியரசனின் ஆட்கள் பிடித்து மலைநாட்டுக்குக் கொண்டு சென்றனர். அவர்களுள் ஒருவன் றொபேட் நொக்ஸ் என்னும் இளைஞன். ஏறக்குறைய இருபது ஆண்டு சிறைவாழ்வின் பின் தப்பிச் சென்ற அவன், தான் கண்டதையும் பட்டதையும் 1681இல் இலண்டனிலே நூலாக வெளியிட்டான். இலங்கை வரலாறு கற்போர் எவரும் அறிந்த நூல் அது.

அந்நூலிலே நெஞ்சை உருக்கும் நிகழ்ச்சியொன்று வருகின்றது. ஒருநாள் ஓடைக்கரையில் நொக்ஸ் தூண்டில் இட்டுக்கொண்டிருந்தான். அவ்வழியே வந்த முதியவன் ஒருவன், கொழும்பு நகரம் போர்த்துக்கேயரின் கைவிட்டுப் போன காலத்திலே தனக்குக் கிடைத்த புத்தகமொன்று தன்னிடம் உண்டென்றான். கொணர்ந்து காட்டியபோது அது ஆங்கிலத்தில் அச்சிட்ட வேதாகமமாய் இருந்தது. நொக்ஸின் நடுக்கத்தையும் மகிழ்ச்சியையும் சொல்லவும் வேண்டுமோ? தன் கையாற் பின்னிய தொப்பியொன்றை விலையாகக் கொடுத்து அந்நூலைப் பெற்றான். அன்னியர் நாட்டிலே அன்னைமொழியில் வேதம் வாய்த்தவனுக்கு அதனினும் பெரிய செல்வம் வேறில்லை.

நொக்ஸுக்கு ஆங்கில வேதாகமம் எப்படியோ அப்படியே தமிழனுக்குத் தமிழ் வேதாகமம் என்று எண்ணித்தான், நானூறு ஆண்டுகளாகப் பல சபையாரும் அதனைத் தமிழாக்க முயன்றனர். அம்முயற்சியால் விளைந்தது என்ன? தமிழாக்கித் தந்த சபை தழைத்ததா? தமிழாக்காத சபை தேய்ந்ததா? அப்படி நிகழும் என்று எதிர்பார்ப்பதே இயல்பு. நம் நாட்டு வரலாறோ வேறு விடை கூறுகின்றது. அவ்விடையை ஆராய்வது கிறிஸ்தவர்க்கு மட்டுமன்றித் தமிழ் கற்பார் அனைவர்க்கும் பயன்படும்.

வேதம் என்னும் பெயர்

ஈழத் தமிழர் கிறிஸ்தவரை வேதக்காரர் என்று வழங்குவர். ஒருவர் மதம் மாறினால் வேதத்துக்கு மாறினார் என்பர். கற்றறிந்த சைவர்க்கு வேதம் என்பது நான்மறை. ஊராரின் பேச்சிலோ அப்பெயர் அயல்நாட்டிலிருந்து வந்த சமயத்துக்கு உரியதாயிற்று. இஃது ஆராயத்தக்க வழக்கு. கையிற் புத்தகத்தோடு வந்தவர் என்பதே இச்சமயத்தாரைப் பற்றி நம் முன்னோர் கொண்ட கருத்தெனத் தோன்றுகின்றது.

ஆயினும் அப்புத்தகம் முதலிலே தமிழாய் இருக்கவில்லை. 1554இல் லிஸ்பன் நகரிலே உரோமன் எழுத்தில் அச்சான தமிழ்ச் செபநூலும், அண்ட்றிக் அடிகளார் ஆக்கி 1578இற் கொல்லத்திலே தமிழெழுத்தில் அச்சான தம்பிரான் வணக்கமும் ஞானோபதேச நூல்கள். வேதாகமத்தின் மொழிபெயர்ப்புகள் அல்ல. போர்த்துக்கேயர் காலத்துக் கத்தோலிக்கர் செபத்தைக் கற்றனர், திருநாட் கொண்டாடினர், வேதாகமத்தை அவர்கள் கையிற் கண்டதில்லை.

திருகோணமலையாருக்கோ புதிய சமயம் வேறு கோலத்தில் வந்தது. 1620களிலே போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீன் டி சா கோணேசர் கோயிலை இடித்து அதன் கற்களைக் கொண்டு கோட்டை கட்டினான். 1639இல் ஒல்லாந்தர் அக்கோட்டையைக் கைப்பற்றினர். 1795இல் ஆங்கிலேயர் கைப்பற்றினர். வேதத்தைச் செவியாற் கேட்பதற்கு முன்னே வேதக்காரரின் பீரங்கியைக் கேட்ட ஊர் இது. ஆட்சியோடு வந்த சமயத்தின் வலியும் மெலிவும் இத்தகைய துறைமுகத்திலே தெளிவாய்த் தெரியும்.

தோம்பிற் பதிந்த சமயம்

1658இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் வசமாயிற்று. அவர்களோடு வந்தவர் பால்தேயு பாதிரியார். 1665 வரை யாழ்ப்பாணத்திலே பணியாற்றிய இவர் 1672இல் வெளியான பெருநூலொன்றிலே மலபார், சோழமண்டலக் கரைகளையும் இலங்கையையும் வருணித்துள்ளார். தம் காலத்து யாழ்ப்பாணத்திலே அறுபதினாயிரத்துக்கு மேற்பட்ட கிறிஸ்தவர் இருந்தனரென்று அவர் கணக்குக் கூறுவர்.

இப்பெருந்தொகை எவ்வாறு உண்டாயிற்று? கிராமந்தோறும் கோயிலும் பள்ளிக்கூடமும் ஒரே கூரையின்கீழ் அமைந்தன. பிள்ளைகளின் ஞானஸ்நானமும் பெரியோரின் விவாகமும் பள்ளித் தோம்பிலே பதியப்பட்டன. சீர்திருத்த சபையின் ஞானஸ்நானம் பெறாதவர்க்கு அரச பதவி எட்டாக்கனி. விவாகமும் முதுசொமும் சட்டத்தின் கண்ணிற் செல்லுவதற்கும் தோம்புப் பதிவு வேண்டியிருந்தது. பள்ளிக்கு வாராத பிள்ளையின் பெற்றோர் குற்றப்பணம் கட்டினர். கத்தோலிக்கக் குருமாருக்கு இடங்கொடுத்தல் மரணதண்டனைக்குரிய குற்றமாய் 1658இலேயே விதிக்கப்பட்டது. ஆகவே பகலிலே தேவாலயமும் இரவிலே தம் பழைய வழிபாடுமாக மக்கள் இரட்டை வாழ்க்கை வாழ்ந்தனர்.

ஒல்லாந்தர் தமிழைப் புறக்கணித்தனர் என்று மட்டும் சொல்லுதல் கூடாது. மத்தேயு சுவிசேஷத்தைத் தமிழிற் கொணரும் முயற்சி பால்தேயு காலத்திலேயே தொடங்கிற்று. கொழும்பிலே அவர்கள் நிறுவிய அச்சுக்கூடம் 1737இல் முதல் நூலை வெளியிட்டது. அதே அச்சுக்கூடத்தில் 1759ஆம் ஆண்டு புதிய ஏற்பாடு முழுவதும் தமிழிலே அச்சாயிற்று. அதனை மொழிபெயர்த்தவர் வெளிநாட்டாரல்லர். 1723இற் கொழும்பிலே பிறந்து, அங்குள்ள குருக்கல்லூரியிற் கற்று, ஒல்லாந்த சபையின் குருவாகிய பிலிப்பு தெ மெல்லோ என்பவர். இவர் வெறும் மொழிபெயர்ப்பாளரும் அல்லர். சூடாமணி நிகண்டுக்குப் புதிய செய்யுள்கள் பாடிச் சேர்த்தவரென்றும், மருதப்பக் குறவஞ்சி இயற்றியவரென்றும் சைமன் காசிச்செட்டி 1859இல் வெளியிட்ட தமிழ்ப் புளூராக் கூறும். நிகண்டு கற்ற புலவர் ஒருவர் மூலமொழியாகிய கிரேக்கத்தை நோக்கி மொழிபெயர்த்த நூல் என்றால், அதன் தரத்துக்கு வேறு சான்று வேண்டா.

சபையும் இருந்தது, நூலும் இருந்தது, புலவரும் இருந்தார். 1796இல் ஒல்லாந்தராட்சி முடிந்தது. அடுத்த பத்தாண்டுக்குள் நிகழ்ந்தது பெரு வியப்பு. 1801இல் தீவு முழுவதும் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் சீர்திருத்த சபையாராய்ப் பதிவாகியிருந்தனர். 1806இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த புக்கானன் பாதிரியார், அங்கு அச்சமயம் ஏறக்குறைய அழிந்தொழிந்தமையைக் கண்டு வருந்தி எழுதினார். அக்காலத்து அங்கே தமிழிற் பிரசங்கித்து வந்தவர் தஞ்சையிலிருந்து வந்த கிறிஸ்தியான் தாவீது என்னும் உபதேசியார் ஒருவரே. மக்கள் நெற்றியிலே திருநீறு மீண்டும் பொலிந்தது. தோம்பைப் பேணிய அரசு போயிற்று. தோம்பிற் பதிந்த சமயமும் அதனோடு போயிற்று. தெ மெல்லோ மொழிபெயர்த்த புதிய ஏற்பாட்டுக்கு வாசகர் இல்லாமற் போயினர்.

ஒப்பாரியிற் பதிந்த வேதம்

இனி மறுபக்கத்தை நோக்குவோம். ஒல்லாந்தரால் ஒடுக்கப்பட்ட கத்தோலிக்கர்க்கு அச்சுக்கூடம் இல்லை. தமிழ் வேதாகமம் இல்லை. நெடுங்காலம் குருமாரும் இல்லை. 1687இலே கோவையைச் சேர்ந்த யோசவாஸ் அடிகளார் கூலியாளின் கோலத்திலே யாழ்ப்பாணத்தில் வந்திறங்கினார். ஒளித்து வாழ்ந்து, இரவிலே பூசை செய்து, வீடு வீடாகச் சென்று அச்சபையை உயிர்ப்பித்தார். 2015ஆம் ஆண்டு சனவரி மாதத்திலே திருத்தந்தை பிரான்சிஸ் கொழும்பிலே இவரைப் புனிதராக அறிவித்தமை நாடறிந்தது.

அவர் பின் வந்தவர் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார். 1705இல் இலங்கைக்கு வந்து 1742இல் இங்கேயே உயிர்நீத்த இவர், தமிழிலும் சிங்களத்திலும் பல நூல்களை ஆக்கினார். இவர் வேதாகமத்தைச் சொல்லுக்குச் சொல்லாய் மொழிபெயர்க்க முற்படவில்லை. கிறிஸ்துநாதரின் பாடுகளைத் தமிழன் அழும் குரலிலே சொல்ல முற்பட்டார். அவருடைய வியாகுலப் பிரசங்கம் தவக்காலந்தோறும் கோயில்களிலே ஒப்பாரி இராகத்தில் வாசிக்கப்பட்டு வந்தது. எழுத்தறியாத தாய்மாரும் அதனைக் கேட்டுக் கேட்டு நெஞ்சிற் பதித்தனர். பசாம் வாசிப்பும், எஸ்தாக்கியார், ஞானசௌந்தரி முதலிய நாட்டுக்கூத்துக்களும் அதே வழியிற் சென்றன. அண்ணாவியார் மத்தளம் கொட்ட, ஊரே விடிய விடிய விழித்திருந்து அடியார்களின் கதையைக் கண்டது.

ஆட்சி மாறியபோது இந்த மக்கள் எங்கும் போகவில்லை. ஒல்லாந்த சபை கரைந்த அதே ஆண்டுகளிலே இவர்கள் மறைவிடம் விட்டு வெளிவந்து கோயில் கட்டினர். 1893இலே திருகோணமலை தனி மறைமாவட்டமாகியது. பிரெஞ்சு இயேசு சபையார் அதன் பொறுப்பேற்றனர். இந்நகரத்துக் கத்தோலிக்கரின் தமிழ்ப்பற்றுக்கு ஒரு சான்று போதும். ஈழத்துத் தமிழ் நாவல்களுள் மிக முற்பட்டவற்றுள் ஒன்றாகிய ஊசோன் பாலந்தை கதையை 1891இல் எழுதியவர் திருகோணமலை இன்னாசித்தம்பி.

இதனால் அறியப்படுவது யாது? அச்சிட்ட ஏட்டினும் அழுத வாய் வலிது. ஒருவன் தன் துயரத்தை எந்தச் சொல்லாற் சொல்லுகின்றானோ அந்தச் சொல்லிலே புகுந்த சமயமே அவனோடு தங்கும்.

பாலையூற்றுப் பறங்கியர்

இக்கருத்துக்கு இன்னுமொரு சான்று திருகோணமலையின் அயலிலேயே உண்டு. பாலையூற்றிலே வாழும் போர்த்துக்கேயப் பறங்கியர் தம் முன்னோர் வழங்கிய கலப்புப் போர்த்துக்கேயத்தை நெடுங்காலம் வீட்டுமொழியாய்ப் போற்றினர். மட்டக்களப்பிலும் அவ்வாறே. இன்று முதியோர் சிலரது நாவிலேயே அம்மொழி பெரிதும் எஞ்சியுள்ளது.

1814இல் இலங்கை வந்த வெஸ்லியன் மிஷனரிமாருள் பின்னர் வந்து சேர்ந்த நியூஸ்டெட் பாதிரியார் இம்மொழியைக் கருத்தூன்றிக் கற்றார். உயர்ந்த போர்த்துக்கேயம் இவர்களுக்கு விளங்காது என்று கண்டு, பேச்சுமொழியிலேயே புதிய ஏற்பாட்டை ஆக்கினார். அது 1826இற் கொழும்பிலே வெஸ்லியன் அச்சுக்கூடத்தில் அச்சாயிற்று. இலக்கணமில்லாத பேச்சு என்று பிறர் இகழ்ந்த மொழியொன்று வேதமொழியாயிற்று. அவ்வகையில் அது பெருஞ் செயல்.

பறங்கியரோ பெரும்பாலும் கத்தோலிக்கராகவே இருந்தனர்; இன்றும் இருக்கின்றனர். தங்கள் மொழியில் வேதாகமம் தந்த சபையை நோக்கி அவர்கள் திரளாகச் செல்லவில்லை. அந்நூல் இன்று மொழியியலார்க்கு ஒரு புதையல். மறைந்துவரும் ஒரு மொழியின் இருநூறாண்டுக்கு முந்திய உருவத்தை எழுத்திற் காத்துத் தந்தது அதுவே. சபை வளர்க்கவென்று செய்த நூல் மொழி காக்கும் நூலாய் முடிந்தது.

நாவலரும் பேர்சிவல் பாதிரியாரும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கதை இதனினும் விந்தையானது. 1816இல் அமெரிக்க மிஷனாரும் 1818இற் சேர்ச் மிஷனாரும் யாழ்ப்பாணத்திற் பணிதொடங்கினர். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரி எழுந்தது. வேதாகமத்தைப் புதிதாகத் தமிழாக்கும் பொறுப்பு வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த பேர்சிவல் பாதிரியாரின் தலைமையிலே நடைபெற்றது. அவருக்குத் தமிழ்ப் பண்டிதராய் உடனிருந்தவர் நல்லூர் ஆறுமுகநாவலர்.

நாவலர் திருநீறு அணிந்த சைவர். அக்கோலம் சிறிதும் மாறாமலே அப்பணியைச் செய்தார். மொழிபெயர்ப்பு நிறைவெய்தியபின் இருவரும் சென்னைக்குச் சென்று மழவை மகாலிங்கையரிடம் அதனைக் காட்டினர் என்றும், அவர் திருத்தம் வேண்டாத நல்ல தமிழ் என்று ஒப்புக்கொண்டனர் என்றும் நாவலர் சரித்திரம் எழுதியோர் கூறுவர். 1850இல் அது அச்சேறியது. தமிழ்நாட்டுச் சபையார் அதனை முழுமையாய் ஏற்றுக்கொள்ளவில்லை. பின்னர் பல மிஷன்களும் கூடி அமைத்த குழுவிலே பவர் பாதிரியார் தலைமை தாங்க, முத்தையாபிள்ளை என்னும் பண்டிதர் துணைநிற்க, 1871ஆம் ஆண்டளவில் ஐக்கிய மொழிபெயர்ப்பு வெளிவந்தது. பிரிந்து நின்ற சபைகள் தென்னிந்தியத் திருச்சபையாய் ஒன்றுகூடியது 1947இலே. மொழிபெயர்ப்பிலே அவை ஒன்றுகூடியது அதற்கு முக்கால் நூற்றாண்டு முன்னரே.

இனி, இப்பணியால் வளர்ந்தவர் யார் என்று பார்ப்போம். நாவலர் வேதாகமத்தை எழுத்தெண்ணிக் கற்றார். மிஷனரிமார் பிரசங்கம் செய்யும் முறையையும், வினாவிடையாய்ப் பாடம் அமைக்கும் முறையையும், அச்சுக்கூடத்தின் ஆற்றலையும் அருகிருந்து கண்டார். 1848இலே அவர்களை விட்டு நீங்கி வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். சொந்த அச்சுக்கூடம் அமைத்தார். 1854இல் அவர் வெளியிட்ட சைவதூஷண பரிகாரம், சைவக் கிரியைகளைப் பழித்தோர்க்கு அவர்களுடைய வேதாகமத்திலிருந்தே விடை கூறியது. மூலத்தை மொழிபெயர்த்த கையே அவ்விடையை எழுதியது என்பதை நினைக்கும்போது, அந்நூலின் வலிமை எங்கிருந்து வந்தது என்பது விளங்கும்.

வட்டுக்கோட்டையின் கதையும் இத்தகையதே. செமினரி 1855இல் மூடப்பட்டது. அங்கே கற்ற சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும் 1857இற் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாயினர். தாமோதரம்பிள்ளை கிறிஸ்தவக் குடும்பத்திற் பிறந்து, செமினரியிற் கற்று, பின் சைவராகி, கலித்தொகை முதலிய பழந்தமிழ் நூல்களை அச்சேற்றினார். மிஷன் தந்த கல்வி தமிழுக்கு ஆயிற்று. மிஷனின் தொகையைப் பெருக்கவில்லை. கிழக்கிலங்கையிலும் இவ்வலை வீசிற்று. மட்டக்களப்பிலே மெதடிஸ்த பாடசாலையிலும் கத்தோலிக்கப் பாடசாலையிலும் கற்ற காரைதீவு மயில்வாகனனார், விபுலாநந்த அடிகளாகித் திருகோணமலை இந்துக் கல்லூரிக்குத் தலைமை தாங்கினார்.

இதனைத் தோல்வி என்பதா, வெற்றி என்பதா? தலையெண்ணுவோர்க்கு இது தோல்வி. தமிழைக் கருதுவோர்க்கு இது பெருவெற்றி. நாவலரின் வசனநடையிலே தெளிவும், நிறுத்தக்குறியும், சந்தி பிரித்த எளிமையும் எங்கிருந்து உரம் பெற்றன என்று ஆராயப்புகுவோர், அவர் பேர்சிவல் பாதிரியாரோடு இருந்த ஆண்டுகளைத் தாண்டிச் செல்ல முடியாது. நூற்றுக்கணக்கான பக்கங்களை, பிறமொழியில் இருப்பதைக் கூட்டாமற் குறையாமல் வசனத்திலே சொல்ல வேண்டும் என்ற கட்டாயம், செய்யுளிலேயே பழகிய நம் புலவர்க்கு அதுவரை வந்ததில்லை.

சொல்லும் சபையும்

மொழிபெயர்ப்பிலே முதற்கண் எழுந்த பூசல் கடவுளின் பெயரைப் பற்றியது. கத்தோலிக்கர் பழமையாய்ச் சர்வேசுரன் என்றனர். 1706இலே தரங்கம்பாடிக்கு வந்து 1715இற் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்த சீகன்பால்கு ஐயரும் அச்சொல்லையே எடுத்தாண்டார். அவர்க்குப் பின் வந்த பப்பிரிசியு ஐயர் பராபரன் என்றார். இறேனியு ஐயரும் யாழ்ப்பாணத்தாரும் தேவன் என்றனர். 1995இற் கத்தோலிக்கரும் பிற சபையாரும் கூடி வெளியிட்ட திருவிவிலியம் கடவுள் என்றது.

வடமொழிச் சொல்லை நீக்கித் தமிழ்ச்சொல்லை ஆள்வது நன்று என்பதே தமிழாசிரியனாகிய எனது கொள்கை. கிருபையை அருள் என்றும், ஞானஸ்நானத்தைத் திருமுழுக்கு என்றும், சுவிசேஷத்தை நற்செய்தி என்றும் சொல்லுகையிற் செவி குளிர்கின்றது. பழைய கத்தோலிக்க நூல்களிலே இஸ்பிரீத்து சாந்து என்று போர்த்துக்கேயமாகவே நின்ற சொல் தூய ஆவியாகியது தமிழுக்கு ஆக்கமே. 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாட்டைத் தாய்மொழியில் நடத்த வழி திறந்தபின், இலத்தீனிலே பூசை கண்ட மக்கள் தமிழிலே பூசை கண்டனர். அதன் இயல்பான கனியே திருவிவிலியம்.

ஆயினும் சொற்றூய்மை ஒன்றே சபையை வளர்ப்பதில்லை என்பதற்கும் சான்று உண்டு. பப்பிரிசியு ஐயரின் சொற்களை மாற்ற முற்பட்ட இறேனியு ஐயரைத் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் கடுமையாய் எதிர்த்தார். தம் தந்தையரும் தாயரும் எச்சொல்லைச் சொல்லிச் செபித்து மரித்தனரோ அச்சொல்லை வெளியூரார் மாற்றுவது என்ன நியாயம் என்பதே அவர் முறையீட்டின் கருத்து. 1871இன் மொழிபெயர்ப்பைத் திருத்தி இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் லார்சன், மொனகன் ஆகிய அறிஞர் வெளியிட்ட பதிப்பு, கற்றோராற் போற்றப்பட்டும் பழையதன் இடத்தைப் பிடிக்கவில்லை.

இன்னும் ஒரு புதுமை காண்க. 1920களிற் கொழும்பிலே தொடங்கிய இலங்கைப் பெந்தெகொஸ்து மிஷன் தமிழ்நாட்டிற் பரவி, அப்பாற் பல நாடுகளுக்கும் சென்றது. அதுவும் அதனையொத்த பிற புதிய சபைகளும் வேகமாய்ப் பெருகின. புதிய சபைகள் புதிய தமிழை நாடும் என்று எண்ணுவோம். அவையோ தேவன், கர்த்தர், கிருபை, பரிசுத்தம் என்னும் சொற்கள் நிறைந்த பழைய ஐக்கிய மொழிபெயர்ப்பையே இறுகப் பற்றி நிற்கின்றன. நூற்றைம்பது ஆண்டுப் பழமையுடைய அந்நடை மக்களுக்குக் கடினமாய்த் தோன்றவில்லை. வேதத்துக்கே உரிய கம்பீரமாய்த் தோன்றுகின்றது. தேவாரத்தின் மொழி பழையது என்பதற்காக எவரும் அதனை ஓதாமல் விடுவதில்லையே.

எண்ணிக்கை கூறுவது

நாட்டுக் குடிசனமதிப்பு இவ்வாராய்ச்சிக்குத் துணைநிற்கும். 1911இலே இலங்கை மக்களுள் நூற்றுக்குப் பத்துப்பேரளவிற் கிறிஸ்தவர். 2012இலே அவ்விகிதம் ஏழரையளவாயிற்று. தொகையோ நான்கு இலட்சத்திலிருந்து பதினைந்து இலட்சமாய்ப் பெருகிற்று. இவ்விரு கணக்கிலும் மாறாதிருப்பது ஒன்று உண்டு. கிறிஸ்தவருள் ஐந்தில் நான்கு பங்கினர் அன்றும் கத்தோலிக்கர், இன்றும் கத்தோலிக்கர். வேதாகமத்தை அச்சிட்டு வீடுதோறும் வழங்கிய சபைகள் யாவும் சேர்ந்து எஞ்சிய ஒரு பங்கு.

இதற்குக் காரணங்கள் பல. பள்ளிக்கூடத்தைச் சார்ந்து வளர்ந்த சபைகளிற் சில, 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் அரசு பாடசாலைகளைப் பொறுப்பேற்றபோது தம் ஊன்றுகோலை இழந்தன. ஆசிரியப் பதவிக்காக ஞானஸ்நானம் பெறும் தேவை அத்தோடு ஒழிந்தது. திருகோணமலையிலே 1957இல் ஆங்கிலக் கடற்படைத்தளம் இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டபின், கப்பலையும் துறைமுகத்தையும் சார்ந்த ஆங்கில ஆராதனையும் தன் கூட்டத்தை இழந்தது. 1983 முதல் 2009 வரை நிகழ்ந்த போரும், 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும் எல்லாச் சபையாரையும் எல்லாச் சமயத்தாரையும் சிதறடித்தன. ஊரிலே குறைந்தவர் பலர் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் கூடினர். ஆட்சியைச் சார்ந்தது ஆட்சியோடும், பதவியைச் சார்ந்தது பதவியோடும் நீங்கும் என்பது தோம்புக் காலத்துப் பாடம். அப்பாடம் இருமுறை கற்பிக்கப்பட்டது.

தமிழாசிரியர் கடமை

சபைகளின் ஏற்றமும் இறக்கமும் அவ்வச் சபையாரின் கவலை. மொழிபெயர்ப்பு நூல்களோ தமிழின் உடைமை. சபை ஒடுங்கியபோதும் நூல் தமிழுக்கு உழைத்தது என்பதை மேலே கண்டோம். தெ மெல்லோவின் புதிய ஏற்பாடும், பேர்சிவல் பாதிரியாரும் நாவலரும் உழைத்த 1850ஆம் ஆண்டுப் பதிப்பும், கொன்சால்வெஸ் அடிகளாரின் பிரசங்கமும் தமிழ் வசனத்தின் வளர்ச்சிப் படிகள். நம் பாடநூல்களோ உரைநடை வரலாற்றைப் பேசும்போது இவற்றின் பெயரை ஒருவரியிற் சொல்லி நகருகின்றன. மாணவர் அவற்றின் ஒரு பக்கத்தையேனும் கண்ணாற் கண்டு, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, சொல்லும் நடையும் காலத்தால் மாறிய விதத்தை அறிதல் வேண்டும். சைவப் பிள்ளை இதனைக் கற்பதால் அவனது சைவத்துக்கு ஊறு வாராது. நாவலரே அதற்குச் சான்று.

செயல் இன்னொன்றும் உண்டு. நம் ஊர்க் கோயில்களின் பெட்டகங்களிலும் முதியோரின் வீடுகளிலும் பழைய செபநூல்களும், பசாம் ஏடுகளும், கூத்துப் பிரதிகளும் கறையானுக்கு இரையாகின்றன. போரிலே எரிந்தவை போக எஞ்சியவற்றையேனும் படம்பிடித்துக் காத்தல் இந்தத் தலைமுறையின் கடமை. புலம்பெயர்ந்த நாடுகளிலே பிறந்த பிள்ளைகள் தமிழ் எழுத்து அறியாமல் வளர்கின்றனர். அவர்களுக்குத் தமிழ் மிஞ்சப்போவது பெரும்பாலும் பாட்டிலும் செபத்திலுமே. பாலையூற்றின் பறங்கிமொழிக்கு நேர்ந்தது தமிழுக்கு அங்கே நேரலாகாது.

நம் ஊர்ச் சாவீட்டிலே கத்தோலிக்கரும் மெதடிஸ்தரும் உறவினராய்க் கூடி நிற்பர். கிறிஸ்துநாதர் கற்பித்த செபத்தை எல்லோரும் ஒருமிக்கத் தொடங்குவர். ஒருசாரார் பிதா என்பர். ஒருசாரார் தந்தை என்பர். பரமண்டலம் என்று ஒரு குரலும் விண்ணகம் என்று மறு குரலும் எழும். சிறிது தடுமாறி, ஒருவர்க்கொருவர் காத்து நின்று, ஈற்றிலே ஆமென் என்னும் சொல்லில் எல்லோரும் ஒன்றாவர். எந்தச் சொல் நிலைக்கும், எந்தச் சபை வளரும் என்பதைக் காலம் முடிவுசெய்யட்டும். இருவகைச் சொல்லும் தமிழ்ச் சொல்லாய் நம் வாயில் வாழ்வதற்கு நானூறு ஆண்டு உழைத்தவர்களை, எச்சமயத்தார் ஆயினும், தமிழர் நன்றியோடு நினைத்தல் தகும்.